வேலியை உயர்த்துவதா, பொட்டை அடைப்பதா?

"பாதர், வரி கட்டுறது பெரிய முதலாளிமார். எங்களுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?"

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களோடு நாம் நடத்திய மாலை வகுப்பு ஒன்றில் ஒரு தாய் இப்படிக் கேட்டார். அன்று காலை கடையில் என்ன வாங்கினீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். ஒரு சவர்க்காரமும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கற்றும் வாங்கியதாகச் சொன்னார். இப்படிப்பட்ட பொருட்களின் விலைக்குள் பெறுமதி சேர் வரி இருக்கிறது. எமது நாட்டில் இந்த வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. 100 ரூபா பெறுமதியான பொருளுக்கு 18 ரூபா வரி. காணியை இழந்து கூலிக்குப் போகும் தாயும், பெரிய கம்பனியின் பணிப்பாளரும் சவர்க்காரத்துக்குக் கட்டுவது ஒரே வீதம்தான். ஆகவே வரி கட்டாதவர் எம்மில் ஒருவரும் இல்லை.

அரசாங்கத்துக்குத் தேவையான பணம் ஒரு பக்கத்தால் வராவிட்டால் மறுபக்கத்தால் எடுக்கப்படும். பெரிய கம்பனிகள் தம் பங்கைக் கட்டாமல் நழுவும்போது, அந்தச் சுமை சிறியவர்களின் கடைச் சாமான்களில் வந்து இறங்குகிறது. இது எல்லா நாடுகளுக்கும் பொதுவான பிரச்சினை. ஆனால் இதை மக்களுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது? சொல்லி எப்படி வெல்வது? இந்த இதழில் அதைப் படிப்போம். இதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 1981 முதல் 1986 வரை நடந்த ஒரு போராட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். அது தூரதேசம்தான். ஆயினும் அங்கே வெற்றியும் கிடைத்தது, அந்த வெற்றி பின்னர் கரைந்தும் போனது. இரண்டையும் முழுமையாகப் பார்க்க முடிவதால் படிப்பதற்கு நல்ல உதாரணம்.

பொட்டு எப்படி உண்டாகிறது?

எமது வளவு வேலிகளில் பொட்டு விழுவதை நாம் அறிவோம். படலையைப் பூட்டி வைத்தாலும் பொட்டுக்குள்ளால் ஆடு வந்து பயிரை மேய்ந்துவிடும். வரிச் சட்டத்திலும் இத்தகைய பொட்டுக்கள் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. வேலிப் பொட்டு உக்கிப்போன ஓலையால் தானாக விழுகிறது. சட்டத்தின் பொட்டு பெரும்பாலும் யாரோ கேட்டு, யாரோ வெட்டிக் கொடுத்ததாக இருக்கும்.

1981 ஆகஸ்டில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தை உழவு இயந்திரம் ஒன்றை வைத்து விளங்கிக்கொள்வோம். நீங்கள் 20 இலட்சம் ரூபாவுக்கு ஓர் உழவு இயந்திரம் வாங்குகிறீர்கள். அது 10 வருடம் உழைக்கும். அப்படியென்றால் ஒரு வருடத் தேய்மானம் 2 இலட்சம். எரிபொருள், சாரதி கூலி எல்லாம் போக வருடம் 4 இலட்சம் கையில் மிஞ்சுகிறது என்று வைப்போம். தேய்மானத்தையும் கழித்தால் உண்மையான இலாபம் 2 இலட்சம். அதற்கு வரி கட்ட வேண்டும். இப்போது சட்டம், "10 வருடம் தேவையில்லை, 5 வருடத்திலேயே முழு விலையையும் கழித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? வருடத் தேய்மானம் 4 இலட்சமாகிவிடும். கையில் பணம் இருக்கும், ஆனால் கணக்கில் இலாபம் பூச்சியம். வரியும் பூச்சியம். ஐந்து வருடம் முடிந்ததும் இன்னொரு இயந்திரத்தை வாங்கினால் அதே கதை மறுபடி தொடங்கும். கம்பனி வளர்ந்துகொண்டே போனால் வரி கட்டும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு மேலதிகமாக, புதிய இயந்திரங்கள் பலவற்றின் விலையில் 10 வீதத்தை வரியிலிருந்தே கழிக்கும் சலுகையும் அங்கே இருந்தது. இலாபமில்லாத கம்பனி தனக்குப் பயன்படாத சலுகையை, குத்தகை என்ற பெயரில், இலாபமுள்ள கம்பனிக்கு விற்கவும் 1981 சட்டம் வழிவிட்டது. இந்த விற்பனை மக்களுக்கு ஆத்திரமூட்டியதால் 1982இல் அடுத்த சட்டத்தால் அது கட்டுப்படுத்தப்பட்டது. மற்றவை நிலைத்தன.

இவை எல்லாம் சட்டப்படி நடந்தவை. வரி ஏய்ப்பு என்பது குற்றம். வரி தவிர்ப்பு என்பது சட்டத்தின் பொட்டுக்குள்ளால் போவது. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. ஏனென்று பின்னர் பார்ப்போம்.

முதலில் கணக்கு

1979இல் அமெரிக்காவில் வரி நீதிக்கான குடிமக்கள் என்ற சிறிய அமைப்பு தொடங்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் ஆதரவு அதற்கு இருந்தது. றொபேட் மக்கின்ரயர் என்பவர் அதன் ஆய்வை நடத்தினார். அவர் இரகசியப் பத்திரம் எதையும் திருடவில்லை. பெரிய கம்பனிகள் தம் பங்குதாரருக்காக வருடாவருடம் வெளியிடும் கணக்கறிக்கைகள் எவரும் பார்க்கக்கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இலாபம் எவ்வளவு, மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரி எவ்வளவு என்று இரண்டு நிரல்களில் எழுதினார்.

1984 ஒக்டோபரில் அந்த அறிக்கை வெளிவந்தது. இலாபமீட்டிய 250 பெரிய கம்பனிகளில் 128 கம்பனிகள், 1981 முதல் 1983 வரையான மூன்று வருடங்களில் ஒரு வருடமாவது வருமான வரியே கட்டவில்லை. ஜெனரல் எலெக்ரிக் என்ற மாபெரும் கம்பனி அந்த மூன்று வருடங்களிலும் 650 கோடி டொலர் இலாபமீட்டியும் வரி கட்டவில்லை. மாறாக 28 கோடி டொலருக்கு மேல் அரசிடமிருந்து திரும்பப் பெற்றிருந்தது. அப்போது அந்நாட்டில் கம்பனிகளுக்குரிய உயர்ந்த வரி வீதம் 46 ஆகும்.

"பணக்காரர் வரி கட்டுவதில்லை" என்று அதற்கு முன்னரும் பலர் சொன்னார்கள். அது முறைப்பாடு. பெயரும் தொகையும் வருடமும் சேர்ந்தபோதுதான் அது சாட்சியமாயிற்று. கம்பனி தானே கையெழுத்திட்ட கணக்கு என்பதால் எவராலும் பொய் என்று தள்ள முடியவில்லை.

கணக்கை ஒரு வசனமாக்குதல்

கணக்கு மட்டும் போதாது. தேய்மானம், வரிக்கழிவு என்ற சொற்களைக் கேட்டால் எவருக்கும் நித்திரை வரும். சட்டத்தை வகுத்தவர்களுக்கு இந்தக் குழப்பமே பாதுகாப்பு. ஆகவே சீர்திருத்தம் வேண்டியவர்கள் பொட்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் நேரத்தைச் செலவிடவில்லை. பொட்டுக்குள்ளால் போனவரையும் படலையால் போனவரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்கள். சாதாரண வேலைசெய்யும் ஒருவர், பெயர்பெற்ற பெரிய கம்பனியைவிடக் கூடுதலாக வரி கட்டுகிறார் என்பதே அவர்களின் செய்தி. இது ஒரே வசனம். எழுத வாசிக்கத் தெரியாதவரும் இதை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றவருக்குச் சொல்லலாம்.

இந்த வசனம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சம்பவம். ரீகன் அரசியலுக்கு வருமுன்னர், 1954 முதல் 1962 வரை, ஜெனரல் எலெக்ரிக் கம்பனியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர். ஜனாதிபதியான பின்னர் அவருடைய நிதிச் செயலாளர் ஒருமுறை அவரிடம், ஜனாதிபதியின் சொந்த அலுவலகத்தில் செயலாளராக வேலைசெய்யும் பெண் அந்தக் கம்பனியைவிடக் கூடுதலாக வரி கட்டுகிறார் என்று சொன்னார். ஜனாதிபதி திகைத்துப் போனார். அவர் கையெழுத்திட்ட 1981 சட்டத்தின் விளைவைப் பல பக்க அறிக்கைகள் அவருக்கு உணர்த்தவில்லை. பக்கத்து அறையில் வேலைசெய்யும் ஒருவரின் சம்பளத்தாள் உணர்த்தியது.

1985 ஜூன் 6ஆம் திகதி அத்லாண்டா நகரப் பாடசாலை ஒன்றில் ரீகன் பேசினார். தனியாட்களின் வரியைப் பற்றிப் பேசும்போது கோடீஸ்வரரையும் பஸ் சாரதியையும் ஒப்பிட்டார். கோடீஸ்வரர் சாரதியைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டுமா, குறைவாகக் கட்ட வேண்டுமா என்று கேட்டார். கூடுதலாக என்று கூட்டம் ஆரவாரித்தது. அவர் பதிலைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்வியை மட்டும் வைத்தார்.

எந்தச் சொல் வென்றது?

1984 ஜூலையில் ஜனாதிபதி வேட்பாளர் வோல்டர் மொண்டேல் தம் கட்சி மாநாட்டில், தாம் வரியை உயர்த்தப் போவதாக வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் கடன் கூடியிருந்தது, எவர் வென்றாலும் உயர்த்தவே வேண்டும் என்பது அவர் வாதம். அவர் நேர்மையாகவே பேசினார். ஆனால் கேட்டவர்கள், "என் வரி கூடப்போகிறது" என்றே விளங்கிக்கொண்டார்கள். நவம்பரில் 50 மாநிலங்களில் 49இல் அவர் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தச் சொல் அவரைப் பலமாகத் தாக்கியது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர்.

அடுத்த இரண்டு வருடங்களில் அதே நாட்டு மக்கள், கம்பனிகளிடமிருந்து கூடுதல் வரி எடுக்கும் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். என்ன மாறியது? "வேலியை உயர்த்துவோம்" என்று சொன்னால் வளவுக்குள் இருக்கும் எல்லோரும் பயப்படுவார்கள். "பொட்டை அடைப்போம்" என்று சொன்னால் பொட்டால் போகிறவர் மட்டுமே பயப்படுவார். படலையால் போய்வருபவருக்கு அது நியாயமாகவே தெரியும்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. சலுகையை எடுத்தால் தொழிற்சாலை மூடப்படும், வேலை போய்விடும் என்றார்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாது. வேலை இழக்கும் பயம் தொழிலாளருக்கு உண்மையான பயம். அதற்கும் கணக்காலேயே பதில் சொல்லப்பட்டது. கூடுதல் சலுகை பெற்ற கம்பனிகள் அதற்கேற்ப முதலீட்டைக் கூட்டவில்லை என்று அதே அமைப்பு பின்னர் காட்டியது. அத்துடன், சில்லறை வியாபாரம் செய்யும் கம்பனிகள் போன்றவற்றுக்குப் பெரிய இயந்திரங்கள் இல்லாததால் சலுகையும் குறைவு. அவை முழு வரிக்குக் கிட்டவாகக் கட்டிவந்தன. தாம் கட்டும்போது மற்றவர் கட்டாதிருப்பது ஏன் என்று அவற்றுள் பல சீர்திருத்தத்தின் பக்கம் நின்றன. எல்லாக் கம்பனிகளையும் திருடர் என்று ஏசியிருந்தால் இந்த நட்பு கிடைத்திராது. ஏச்சு வாங்கியவர்கள் சட்டப்படி நடந்தோம் என்று சொல்லித் தப்பியும் இருப்பார்கள். குறி சட்டத்தின் மேல் இருந்ததால் அந்தப் பதிலுக்கு இடமிருக்கவில்லை.

பொதுமக்களுக்கும் ஒரு சிறிய வேலை கொடுக்கப்பட்டது. 1985 மே 28ஆம் திகதி இரவு ஜனாதிபதி தொலைக்காட்சியில் பேசியபின், எதிர்க்கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் டான் றொஸ்ரென்கௌஸ்கி பேசினார். தம் பெயரை எழுதத் தெரியாவிட்டால் "றொஸ்ரி, வாஷிங்ரன்" என்று மட்டும் எழுதிக் கடிதம் அனுப்புங்கள் என்றார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. பெரிய வேலை கேட்டால் சிலரே செய்வர். ஒரு தபாலட்டை எவராலும் எழுத முடியும்.

வென்றதும் கொடுத்ததும்

1986 வசந்த காலத்தில் செனற் சபையின் நிதிக் குழு பொட்டுக்களை அடைப்பதற்குப் பதிலாகப் புதியவற்றைச் சேர்க்கத் தொடங்கியது. மண்டபத்துக்கு வெளியே கம்பனிகளின் தரகர்கள் விலையுயர்ந்த சப்பாத்துக்களோடு வரிசையாக நின்றார்கள். குழுத் தலைவர் பொப் பக்வூட் கூட்டத்தை இடைநிறுத்தினார். பெரும்பாலான சலுகைகளை ஒரேயடியாக எடுத்து, வீதத்தையும் வெகுவாகக் குறைக்கும் புதிய திட்டத்தோடு திரும்பிவந்தார். மே மாதத்தில் குழுவின் 20 பேரும் அதற்கு வாக்களித்தனர். ஜூனில் செனற் சபையில் ஆதரவாக 97, எதிராக 3. 1986 ஒக்டோபர் 22ஆம் திகதி அது சட்டமானது.

இயந்திரத்துக்குரிய 10 வீதச் சலுகை நீக்கப்பட்டது. எவ்வளவு கழிவு இருந்தாலும் இலாபமுள்ள கம்பனி ஒரு குறைந்தபட்ச வரியைக் கட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 60 இலட்சம் ஏழை மக்கள் வருமான வரியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஐந்து வருடத்தில் சுமார் 12,000 கோடி டொலர் சுமை தனியாட்களின் தோளிலிருந்து கம்பனிகளின் தோளுக்கு மாறும் என்று மதிப்பிடப்பட்டது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. கம்பனி வரி வீதம் 46இலிருந்து 34 ஆகக் குறைந்தது. தனியாட்களின் உயர்ந்த வீதம் 50இலிருந்து 28 ஆனது. பெரும் பணக்காரருக்கு இது பெரிய இலாபம். "பொட்டை அடைப்போம்" என்ற சொல் இரு கட்சியையும் சேர்த்ததற்கு இந்தப் பேரமும் காரணம். இதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொல்வது சரியான படிப்பினையாகாது.

பொட்டு மறுபடி விழுந்தது

சட்டத்தின் உள்ளேயே சிலருக்கு விசேட விதிவிலக்குகள் புதைந்திருந்தன. கம்பனியின் பெயரைச் சொல்லாமல், அது எங்கே எந்தத் திகதியில் பதிவானது என்பது போன்ற அடையாளங்களால் எழுதப்பட்ட விதிகள் அவை. பிலடெல்பியா நகரப் பத்திரிகையொன்றின் நிருபர்களான டொனால்ட் பார்லெற், ஜேம்ஸ் ஸ்ரீல் ஆகிய இருவரும் மாதக்கணக்காகத் தேடி, அந்தச் சலுகைகள் யாருக்குப் போயின என்பதை 1988இல் வெளியிட்டனர். அதற்காக 1989இல் புலிட்சர் பரிசு பெற்றனர்.

அதன்பின் மக்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. தரகர்களின் கவனம் திரும்பவில்லை. சலுகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தன. இலாபத்தை வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றும் புது வழிகளும் வந்தன. 2017இல் கம்பனி வரி வீதம் 35இலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டது. 1986இல் கொண்டுவந்த அந்தக் குறைந்தபட்ச வரியும் நீக்கப்பட்டது. 2021இல், முன்னைய அமைப்போடு இணைந்த ஆய்வு நிறுவனம் ஒன்று, இலாபமீட்டிய 55 பெரிய கம்பனிகள் 2020ஆம் வருடத்துக்கு மத்திய வருமான வரி கட்டவில்லை என்று அறிவித்தது. மறுபடி அதே இரண்டு நிரல்கள். 2022 ஆகஸ்டில், வருடம் 100 கோடி டொலருக்கு மேல் இலாபமுள்ள கம்பனிகளுக்கு 15 வீதக் குறைந்தபட்ச வரி சட்டமாயிற்று.

இடையில் ஒரு தவறான உதாரணமும் உண்டு. 2011 ஜூனில் ஜனாதிபதி பராக் ஒபாமா, கம்பனிகளின் தனியார் விமானங்களுக்கான தேய்மானச் சலுகையை எடுத்துப் பலமுறை பேசினார். படம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதை நீக்கினால் கிடைக்கக்கூடியது பத்து வருடத்தில் ஏறக்குறைய 300 கோடி டொலர் மட்டுமே. அந்நாட்டின் பற்றாக்குறைக்கு முன் இது கடலில் ஒரு குடம் நீர். எதிர்த்தரப்பினர் அந்தச் சிறிய தொகையைக் காட்டியே முழு வாதத்தையும் கேலி செய்தனர். உதாரணம் கண்ணைக் கவர்ந்தால் மட்டும் போதாது. பிரச்சினையின் அளவையும் அது தாங்க வேண்டும்.

எமது கையில்

சில வருடங்களுக்கு முன் நாம் நான்கு பக்க மனு ஒன்றை எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். நிவாரணப் பங்கீட்டில் உள்ள குறைகளை எல்லாம் அதில் எழுதியிருந்தோம். அதிகாரி வாங்கி மற்றக் கடிதங்களின் கீழே வைத்தார். எம்மோடு வந்த தாய் ஒருவர் இரண்டு நிவாரண அட்டைகளை மேசையில் வைத்தார்.

"ஐயா, இது என்ரை காட். வீட்டிலை ஏழு பேர். இது பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை. மூண்டு பேர். ரெண்டிலையும் ஒரே அரிசி. அவவின்ரை அரிசியைக் குறைக்கச் சொல்லேல்லை. என்ரை பிள்ளையளை எண்ணிப் பாருங்கோ."

அதிகாரி இரண்டு அட்டைகளையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். அயல்வீட்டுப் பெண்ணும் பக்கத்தில் நின்றார். இரண்டு கிழமைக்குள் குடும்பங்களை மறுபடி எண்ண ஆள் வந்தது. எமது நான்கு பக்கங்களும் செய்யாததை அந்த இரண்டு அட்டைகளும் செய்தன. ஆனால் ஆறு மாதத்தின் பின் புதிதாக வந்த குடும்பங்களுக்கு அதே பிழை மறுபடி நடந்தது. நாமும் கவனிக்கவில்லை. எமது பிரச்சினை தீர்ந்ததோடு நாம் கலைந்துவிட்டோம்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நடந்ததும் எமது முகாமில் ஒரு சுண்டு அரிசியில் நடந்ததும் ஒரே ஒழுங்குதான். அதைச் சுருக்கமாக எழுதிவைத்துக்கொள்வோம்.

1. பேசுமுன் கணக்கை எடுங்கள். இயன்றால் மற்றத் தரப்பே எழுதிய கணக்கை எடுங்கள்.
2. இருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒப்பீடு ஒரே வசனத்தில் அடங்கட்டும்.
3. ஆளை ஏசாதீர்கள். விதியைக் காட்டுங்கள்.
4. ஒழுங்காகக் கட்டுகிறவரை, ஒழுங்காக நடக்கிறவரை உங்கள் பக்கம் சேருங்கள்.
5. பேரத்தில் எதைக் கொடுத்தோம் என்பதை மறைக்காமல் மக்களுக்குச் சொல்லுங்கள்.
6. வென்ற பின்னும் வேலியைச் சுற்றிப் பார்க்க ஆளை நியமியுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. கடந்த கிழமை நீங்கள் வாங்கிய பொருட்களில் எவற்றுக்கு வரி சேர்ந்திருந்தது? கடைப் பற்றுச்சீட்டுக்களைக் கொண்டுவந்து கணக்கிட்டுப் பாருங்கள்.
2. காணி, நட்டஈடு, நீர்ப்பங்கீடு ஆகியவற்றில் உங்கள் குழு எழுதிய கடைசி மனுவை மறுபடி வாசியுங்கள். அதில் பெயர், தொகை, திகதி உள்ள வரிகள் எத்தனை?
3. அந்த மனுவை ஒரே ஒப்பீட்டு வசனமாக மாற்ற முடியுமா? அந்த வசனம் முழுவதும் உண்மையா? எதிர்த்தரப்பினர் அதற்கு என்ன பதில் சொல்வார்கள்?
4. கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் குழு வென்ற ஒரு விடயத்தை நினைவுகூருங்கள். அது இன்றும் நிலைத்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தவர் யார்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு முன் இருவரைத் தெரிவு செய்து அனுப்பிப் பார்த்துவரச் செய்யுங்கள்.